வெற்றிலைக் காம்பு மறைத்த நோய்

பையன் பிறந்த அன்று முழுக்க மோஷன் போகவில்லை. கறுப்பாகப் பசைபோல வரும் அந்த முதல் மலத்தை அம்மா காட்டுப்பீ என்பார். நிறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் 24 மணி நேரத்திலும், தவறினால் 48 மணி நேரத்திலும் அதைக் கழித்துவிடும். இவன் மூன்றாம் நாள்தான் போனான், அதுவும் நர்ஸ் மருந்து வைத்த பிறகு. டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வயிறு உப்ப ஆரம்பித்தது. அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார். காற்றும் மலமுமாகப் பீய்ச்சி அடிக்கும், வயிறு வடியும், பையன் தூங்கிவிடுவான். இரண்டு நாளில் மறுபடி அதே கதை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை நாலைந்து நாளுக்கு ஒருமுறை போனாலும் தப்பில்லை என்றார் ஒரு டாக்டர். பல குழந்தைகளுக்கு அது சரிதான். ஆனால் இவன் காம்பு வைத்தால் மட்டும்தான் போனான். அதை நாங்கள் கைவைத்தியத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

38-ஆம் நாள் இரவு பச்சையாக வாந்தி எடுத்தான். பால் வாந்தி இல்லை, கீரையை அரைத்து ஊற்றிய நிறம். 108-இல் தேனியிலிருந்து மதுரைக்குப் போனோம். குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் வயிற்றைத் தொடும் முன்பே கேட்டார்: “முதல் மோஷன் பிறந்து எத்தனை மணி நேரம் கழிச்சுப் போனான்?” அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

ஹிர்ஷ்பிரங் நோய் என்றார். சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம், ஆண் பிள்ளைகளுக்கு அதிகமாம். கருவில் நரம்பு செல்கள் குடலின் மேலிருந்து கீழாக இறங்கி வரும். சில பிள்ளைகளுக்குப் பாதியில் நின்றுவிடும். செல் இல்லாத கடைசிப் பகுதி இறுகியே கிடக்கும், மலத்தைத் தள்ளாது. மேலே இருக்கும் நல்ல குடல் தேங்கித் தேங்கி வீங்கும். மாசமாக இருந்தபோது வாயுப் பண்டம் சாப்பிட்டாள் என்று என் மனைவியைக் குறை சொன்ன உறவினர்களுக்கு இதை நான் விளக்கிச் சொன்னேன். நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

முதலில் டியூப் விட்டு உப்புநீரால் குடலைக் கழுவினார்கள். அப்புறம் ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே. கீழே ஒடுக்கமாக, மேலே பலூன்போல, எனக்கே தெரிந்தது. ஆனாலும் உறுதி செய்வது பயாப்ஸிதான். மலக்குடலிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்தார்கள். நரம்பு செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

சில குழந்தைகளுக்கு ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும். இவன் குடல் ரொம்ப வீங்கியிருந்ததால் முதலில் கொலாஸ்டமி. வயிற்றில் ஓட்டை வைத்து மலத்தை வெளியே எடுப்பது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது, அந்த ஓட்டையில் ஒட்டும் மலப் பைக்கு நாங்கள்தான் அலைந்தோம். ஒட்டினால் பால் குடித்து முடிப்பதற்குள் கழன்றுவிடும். கடைசியில் பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டி, சுற்றியுள்ள தோலுக்கு ஜிங்க் களிம்பு தடவிச் சமாளித்தோம். தோல் வெந்துபோகாமல் பார்ப்பதுதான் முழுநேர வேலை.

ஒன்பதாம் மாதம் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு நல்ல குடலை இழுத்து ஆசனவாயில் தைத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தால், தையல் சுருங்காமலிருக்க ஸ்டீல் கம்பியால் வீட்டிலேயே விரித்துவிடச் சொன்னார்கள். முதல் வாரம் என் கை நடுங்கியது. மனைவிதான் செய்தாள்.

காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு தண்ணீராகப் போவது என்று எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். குடலில் கிருமி ஏறினால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஆபத்தாம். ஒருமுறை அப்படி ஓடினோம், ஆறு நாள் இருந்து திரும்பினோம்.

இப்போது மூன்று வயது. ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறான், சில நாள் தெரியாமலே போய்விடுகிறது. பால்வாடி டீச்சரிடம் எப்போதும் இரண்டு ஜட்டி கூடுதலாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்.