ரிஷிகேஷ் ராஃப்டிங்: அந்த உடைந்த பக்கிள்

ரிஷிகேஷில் கங்கையில் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் (ராஃப்ட்) சீறும் ஆற்றில் போவது, முடித்து நேற்று இரவுதான் வந்து சேர்ந்தோம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது, கோபமும் குறையவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் லைஃப் ஜாக்கெட் விஷயத்தைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

நாங்கள் நான்கு பேர். டெல்லி கஷ்மீரி கேட்டில் இரவுப் பேருந்து ஏறினோம். ஏசி என்று காசு வாங்கியவர்கள் முசாஃபர்நகர் தாண்டியதும் அதை அணைத்துவிட்டார்கள். சன்னலும் திறக்காது. தூக்கமில்லாமல் காலையில் ரிஷிகேஷை ஒட்டிய தபோவனில் இறங்கினால், தெரு முழுக்க ராஃப்டிங் கடைகள். ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர், ஆளுக்கு 1,000 ரூபாய் என்றார்கள். பேரம் பேசி 700-க்கு முடித்தோம். நான்கு பேருக்கு 1,200 ரூபாய் மிச்சம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஷிவ்புரி மணல் கரையில் ஜாக்கெட்டுகள் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. எனக்குக் கிடைத்தது இரண்டு அளவு பெரியது, கீழ் பக்கிள் உடைந்திருந்தது. கைடிடம் காட்டினேன். வாரை ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "ஒன்றும் ஆகாது" என்று போய்விட்டார். பாதுகாப்பு விளக்கம் மூன்று நிமிடம், அதுவும் வேகமான இந்தியில். புனேயில் வேலை பார்த்த நண்பன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. விழுந்தால் மல்லாந்து படு, காலை நீர் போகும் திசையில் நீட்டு, எழுந்து நிற்காதே என்று அவன் சொன்னதுதான் எனக்குக் கடைசியில் உதவியது.

ஆறு அழகு என்றால் அப்படி ஓர் அழகு! மார்ச் மாதம், தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. தேவப்ரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கையாகி வரும் பனிநீர். கை வைத்தாலே விறைக்கிறது. இங்கே சீறும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ரோலர் கோஸ்டர் என்ற இடத்தில் அலை மேல் அலையாக ஏறி இறங்கியபோது ராஃப்டில் இருந்த எட்டுப் பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போவேன்.

அடுத்தது கோல்ஃப் கோர்ஸ், அந்தப் பாதையிலேயே முரட்டு இடம். கைடு ஒரு கையில் கேமரா குச்சியைப் பிடித்து எங்கள் முகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ராஃப்ட் அலைக்குக் குறுக்காகத் திரும்பியது, ஒரு பக்கம் மேலே எழும்பியது. மேலே எழும்பும் பக்கத்தில் எல்லோரும் சாய வேண்டுமாம். அதைக் கரைக்கு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். மூன்று பேர் ஆற்றில் விழுந்தோம்.

முடிச்சு அவிழ்ந்து ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது. ஜாக்கெட் மிதக்கிறது, நான் அதற்குள்ளிருந்து நழுவுகிறேன். மூச்சு விட வாய் திறந்தால் தண்ணீர். இரண்டு கையாலும் ஜாக்கெட்டை மார்போடு இழுத்துப் பிடித்து மல்லாந்தேன். பக்கத்தில் விழுந்த நண்பன் பயத்தில் எழுந்து நிற்கப் பார்த்தான். முழங்கால் பாறையில் மோதிக் கிழிந்தது. பாறை இடுக்கில் பாதம் சிக்கியிருந்தால் ஓட்டம் அவனை அப்படியே குப்புறத் தள்ளி அமுக்கியிருக்கும். பின்னால் வந்த வேறொரு ராஃப்டின் கைடு கயிறு சுருட்டி வைத்த பையை வீசி எங்களை இழுத்தார். ஒல்லியான பையன், இருபது வயதுதான் இருக்கும். அவனை நான் மறக்க மாட்டேன்.

நண்பனுக்கு நான்கு தையல். அவன் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருக்கும்போது கடைக்காரர் வீடியோவுக்கு 1,500 ரூபாய் கேட்டார்! அரை மணி நேரம் சண்டை போட்டோம், கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காலை மடக்கிப் பேருந்தில் உட்கார முடியாது. டேராடூன் விமான நிலையத்துக்கு டாக்சி, கடைசி நேர டிக்கெட் என்று மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு போய்விட்டது.

அடுத்த முறை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து, தோள்வாரைப் பிடித்து மேலே தூக்கும்படி ஒருவரிடம் சொல்லி, அது முகவாய்க்கு வராவிட்டால்தான் காசு கொடுப்பேன். மழைக்காலத்தில் ராஃப்டிங் கிடையாது, செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கும். அப்புறம், சாப்பாடு பற்றி எழுதவே இல்லை. கிளம்பும் நாள் காலையில் தபோவன் சந்து ஒன்றில் வெண்ணெய் உருகும் ஆலு பராத்தா 60 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். காலை நீட்டிக்கொண்டே நண்பன் மூன்று சாப்பிட்டான்.