டெல்டாவில் இருந்தபடியே புற்றுநோய் ஆய்வில் முனைவர் பட்டம்

காவிரிப் படுகையில் இருந்துகொண்டே புற்றுநோய் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற முடியுமா என்று முதுநிலை மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியும். 2017இல் திருவாரூர் மாவட்டத்தில் ஆய்வாளராகச் சேர்ந்து, அங்கிருந்தே நான் பட்டம் பெற்றேன்.

நுழைவுக்குச் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் தேறுவதே நல்ல வழி. சொந்த உதவித்தொகை இருந்தால் தலைப்பையும் நெறியாளரையும் ஓரளவு நாமே தேர்ந்தெடுக்கலாம். உயிர் அறிவியல் தாளின் 200 மதிப்பெண்ணில் 100 மூன்றாம் பகுதிக்கு உரியது. அதில் தரப்படும் 75 வினாக்களில் 25க்கு விடை எழுதினால் போதும் என்பதால், 13 அலகுகளையும் மேலோட்டமாகப் படிப்பதைவிடச் சிலவற்றை ஆழமாகப் படிப்பதே பலன் தரும். நான் சேர்ந்தபோது மாதம் 25,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2019இல் 31,000 ஆகவும், 2023இல் 37,000 ஆகவும் உயர்ந்தது.

நான் எடுத்துக்கொண்டது கருப்பை வாய்ப் புற்றுநோய். வயல் வேலைக்குச் செல்லும் எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர், நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) வைரஸின் ஈ6 என்னும் புரதம், பழுதடைந்த செல்லை மடியச் செய்யும் காவலனான பி53 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. ஈ6ஐ அடக்கினால் பி53 மீள்கிறது என்பது முன்பே நிறுவப்பட்ட செய்தி. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துக்குத் தாங்குதிறன் பெற்றுவிட்ட செல்களும் உயிர்வாழ ஈ6ஐயே நம்பியிருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. பரந்து கிடந்த ஆர்வத்தை இந்த ஒரு வரிக்குச் சுருக்குவதிலேயே முதலாண்டின் பெரும்பகுதி கழிந்தது. அதை வீணான காலமாக நான் கருதவில்லை.

செல்கள் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தன. 1951 முதல் வளர்க்கப்பட்டுவரும் ஹீலா என்னும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்கள், உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கும் பிற செல் வரிசைகளில் கலந்துவிட்ட வரலாறு உண்டு. ஆகவே வந்தவுடன் மரபணு அடையாளச் சோதனையும், பிறகு தவறாமல் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி தொற்றியிருக்கிறதா என்ற சோதனையும் செய்தாக வேண்டும். எதிர்ப்புரதங்களும் சீரமும் உலர்பனியில் சென்னை வழியாக வரும். அவற்றை வார இறுதியில் எங்கோ ஒரு கிடங்கில் தேங்காதபடி, திங்கள்கிழமை புறப்படுமாறு கேட்டு வாங்குவோம்.

சிஹா என்னும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல் வரிசைக்குச் சிஸ்பிளாட்டின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, தாங்குதிறன் பெற்ற செல்களை உருவாக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலை பாதியைத் தாண்டியிருந்த நேரத்தில்தான், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைப்பதே அரிதாக இருந்தது. வளர்ப்புப் பெட்டியில் இருந்த செல்கள் மடிந்தன. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சேர்த்து வைத்திருந்த புரதச் சாறுகள் உருகிப் பயனற்றுப் போயின. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பகுதிச் செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும் என்பது எங்கள் நெறியாளர் வகுத்திருந்த விதி. மின்சாரமே தேவைப்படாத அந்தக் கலனில் மைனஸ் 196 டிகிரியில் இருந்தவை பிழைத்துக்கொண்டதால், முதலிலிருந்து தொடங்காமல் கடைசிக் கட்டத்திலிருந்து வேலையைத் தொடர முடிந்தது. கடலோர மாவட்டத்தில் செல் வளர்ப்பவர்கள் வேறு எந்தக் கருவிக்கும் முன்னால் இந்தக் கலனுக்கே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் முடிவுகளை ஆய்வுக்குழுவின் முன் வைத்தபோது உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஓராண்டை எடுத்துக்கொண்டது. ஈ6உம் அதே வைரஸின் இன்னொரு புரதமான ஈ7உம் ஒரே தூது ஆர்.என்.ஏ.யில் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறில்) எழுதப்பட்டிருப்பதால், ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கும். அப்படியிருக்க, பார்த்த விளைவு ஈ6ஆல் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டார். முழு நீள ஈ6 ஆர்.என்.ஏ.யில் மட்டுமே இருந்து, வெட்டி ஒட்டப்படும் வடிவங்களில் நீக்கப்பட்டுவிடும் பகுதியைக் குறிவைத்து, அதை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களைப் புதிதாக வடிவமைத்தோம். இடையில் பெருந்தொற்று ஊரடங்கும் வந்து போனது. இறுதியில் தாங்குதிறன் பெற்ற செல்களிலும் பி53 மீண்டது. ஆயினும் அவற்றில் ஒரு பகுதி மடியாமல் நின்றது. என் ஆய்வேட்டில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம், அந்தப் பகுதி ஏன் நின்றது என்று தேடிய அத்தியாயம்தான். வாய்மொழித் தேர்விலும் புறத்தேர்வாளர் பெரும்பாலும் அதைப் பற்றியே கேட்டார்.

ஆய்வேடு இப்போது, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. சேர விரும்புவோர் ஒரு நெறியாளரை நேரில் சந்திப்பதற்கு முன், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை அங்கே படித்துவிட்டுச் செல்லுங்கள். எந்தக் கேள்வியில் தொடங்கி எங்கே முடித்தார்கள், எந்தச் சோதனைகளை அந்த ஆய்வகத்திலேயே செய்தார்கள், எவற்றை வெளியே அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவற்றில் தெரிந்துவிடும்.