டிஸ்சார்ஜ் இருக்காம்மா?

"டிஸ்சார்ஜ் இருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர்" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா, "டாக்டரம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார். "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருக்கும். ஒன்றரை வருடமாக அந்தப் பத்து விநாடி என்னை விடமாட்டேன் என்கிறது.

சிசேரியன் ஆகி அன்று ஆறாவது நாள். மறுநாள் தையல் பிரித்து, 102 வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். கட்டிலை நெருங்கும்போதே வாடை தெரிந்தது. கர்ப்பப்பையில் இன்ஃபெக்‌ஷன். ஒன்பது நாள் ஊசி போட்டுத் தேறினாள். குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எங்கே போய் முடியுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். நான் பயந்ததே போதும்.

திரும்பி வந்த அன்று அவள் அம்மா, "போறதுக்கு மொத நாளே ஒரு மாதிரி வாடை இருந்துச்சு சிஸ்டர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஓடிப்போய்ப் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் நாள் வரியில் "நோ டிஸ்சார்ஜ்" என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே, ஏழாம் நாள் வரியில், "டிஸ்சார்ஜ்டு". அதுவும் என் கையெழுத்துதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி.

நான் கேட்டது பிறப்புறுப்பிலிருந்து நீர், கசிவு ஏதாவது வருகிறதா என்று. வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல் வேறு. காலையில் கண் விழித்ததிலிருந்து அவர்கள் காத்துக்கிடப்பதே அதற்காகத்தான். அம்மா சொன்னதை "எப்போ அனுப்புவீங்க" என்ற வழக்கமான நச்சரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவர் பேச்சை மாற்றவே இல்லை. மகள் சொன்ன பதிலைத்தான் முடித்து வைத்திருக்கிறார்: டிஸ்சார்ஜ் இல்லை, டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை.

தமிழில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மாலை நாலரை மணி, பார்வையாளர் நேரம். கட்டில் தலைமாட்டில் புருஷன், கால்மாட்டில் மாமனார். அவர்களை வைத்துக்கொண்டு "வெள்ளை படுதா, தீட்டு வாடை அடிக்குதா" என்று எப்படிக் கேட்பது? இங்கிலீஷ் சொல் எங்களுக்கு ஒரு திரைச்சீலை மாதிரி. படிக்கிற காலத்திலேயே அப்படித்தான் பழக்கினார்கள். பெண்களே இப்போது ஓ.பி.யில் வந்து "ஒயிட் டிஸ்சார்ஜ்" என்றுதான் சொல்கிறார்கள், புரியாத சொல் ஒன்றும் இல்லை. அன்றைக்கு 36 தாய்மார்களுக்கு நாங்கள் 2 பேர். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரும் பார்த்துத்தான் அனுப்பினார்.

சரி, இவ்வளவும் நியாயம்தான். ஆனால் ஒன்று மட்டும் இடிக்கிறது. பிரசவம் ஆனவளுக்கு முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகப் போகும், பிறகு பத்து நாள் வரை பழுப்பும் இளஞ்சிவப்புமாக, அப்புறம் சில வாரங்கள் மஞ்சள் வெளுப்பாக. சிசேரியன் ஆனவளுக்கும் அப்படியே. அதாவது ஆறாம் நாளில் டிஸ்சார்ஜ் இல்லாத தாய் கிடையாது. நிறம் என்ன, வாடை உண்டா என்பதுதான் கேள்வியாக இருக்க வேண்டும். நான் கேட்ட அர்த்தத்தில் "இல்ல" என்பது நிஜமாக இருக்கவே முடியாத பதில். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது வருட சர்வீஸ். எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரம் மகளின் அகராதியைப் புரட்டினேன். துப்பாக்கி வெடிப்பது, கடனை அடைப்பது, கடமையைச் செய்வது, பட்டாளத்திலிருந்து அனுப்புவது, பேட்டரி இறங்குவது, அணையிலிருந்து தண்ணீர் விடுவது என்று போய்க்கொண்டே இருந்தது. கோர்ட்டிலும் டிஸ்சார்ஜ் உண்டு. குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது. விசாரித்து முடித்துக் குற்றமில்லை என்று சொல்லும் விடுதலை வேறு. என் கதையும் அதுதான். யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை, விளக்கம்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே விடுதலையும் கிடைக்கவில்லை.

அந்தச் சொல்லின் மூலம் வண்டியிலிருந்து சுமையை இறக்குவதாம். படித்ததும் எங்கள் ஊர்ப் பாதையில் இருக்கும் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக நடுகிற கல் அது. அவள் இறக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாகப் போகிற வருகிறவர்கள் தங்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவளிடமே ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். ஊசி போட்டுவிட்டு, "அன்னிக்கு நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன். "கேட்டீங்க சிஸ்டர். நான்தான் இல்லைன்னுட்டேன்" என்று சிரித்தாள். எதை இல்லை என்றாள்? புரிந்துதான் சொன்னாளா, சொன்னால் வீட்டுக்கு விடமாட்டோம் என்று மறைத்தாளா, இல்லை எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாளா? அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. "நான்தான்" என்ற அந்தச் சொல் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை, துணிப்பையெல்லாம் கட்டிவைத்துவிட்டு, "டிஸ்சார்ஜ் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள். நான் கேட்ட அதே சொற்கள். ஆனால் அந்த வார்டில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

அதற்குப் பிறகு நான் பச்சைத் தமிழில்தான் கேட்கிறேன். போன மாதம் ஒரு சின்னப் பெண்ணிடம், ஆண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "கெட்ட வாடை ஏதும் அடிக்குதாம்மா?" என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. "காலையிலதான் குளிச்சேன் சிஸ்டர்" என்றவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பாட்டி என்னை முறைத்தார். மன்னிப்புக் கேட்டு, திரையை இழுத்துவிட்டு, நாப்கினை வாங்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, வாடை இல்லை. மேசைக்கு வந்து கேஸ் ஷீட்டைத் திறந்தேன். கை தன்பாட்டுக்கு "நோ டிஸ்சார்ஜ்" என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.