கரண்ட் போனால் சரிவரும் தராசு

பெப்ரவரி 2
பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில். காலபோக அறுவடை, வாசலில் உழவு மிசின் பெட்டிகள் வரிசையாய் நிற்கின்றன. தராசுக்குப் பில் போடும் கணினிச் செயலி, காய்ந்த நெல்லுக்கும் சிலநேரம் ஈரநெல் போல நிறை வெட்டி பில் அடிக்கிறதாம். "கரண்ட் போய் வந்தா சரிவருது தம்பி" என்றார் முதலாளி. சிரிப்பு வந்தது, ஆனாலும் எழுதி வைத்துக்கொண்டேன். புரோகிராம் எழுதினவர் வெளிநாட்டில். மூலநிரல் ஒருவரிடமும் இல்லை. ஒரு பிரதி எடுத்து வந்தேன்.

பெப்ரவரி 3
விண்டோஸ் சாளரங்களைப் பட்டியலிடும் ஸ்பை பிளஸ் பிளஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் ஒரேயொரு சாளரம்தான் தெரிகிறது. செயலி டபிள்யூபிஎஃப்பில் (மைக்ரோசொஃப்டின் திரை அமைக்கும் கட்டமைப்பு) எழுதியது. பெட்டி, பொத்தான் எல்லாவற்றையும் அதுவே அந்த ஒரு சாளரத்துக்குள் வரைந்துகொள்ளும். விண்டோஸுக்கு அவற்றைத் தெரியாது. உள்ளே இறங்கத்தான் வேண்டும். ஸ்னூப் என்ற கருவி இந்த வேலையைச் செய்யும். ஆனால் நானே ஒன்று கட்டிப் பார்க்க ஆசை.

பெப்ரவரி 5
ஓடுகிற செயலியின் நினைவகத்தில் கொஞ்ச இடம் பிடித்து, அங்கே என் டிஎல்எல்லின் (செயலிக்குள் ஏற்றக்கூடிய நிரல் கோப்பு) பாதையை எழுதி, இன்னொரு செயலிக்குள் த்ரெட் (வேலை இழை) தொடங்கும் கிரியேட் ரிமோட் த்ரெட் மூலம், டிஎல்எல்லை ஏற்றும் லோட் லைப்ரரியைக் கூப்பிட வேண்டும். இரவு முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மில் செயலி 32 பிட், நான் கட்டியது 64, இரண்டும் ஒத்துப்போகாது. மாற்றிக் கட்டினேன், அன்டிவைரஸ் தூக்கி எறிந்தது. அதையும் குறை சொல்ல முடியாது, கள்ளனும் இதே வேலிப் பொட்டால்தான் நுழைகிறான்.

பெப்ரவரி 8
உள்ளே போயாச்சு. பெட்டியொன்றைத் தொட்டதும் செயலி விழுந்தது: பெட்டிகளை உருவாக்கிய த்ரெட் தவிர வேறெதுவும் அவற்றைத் தொடக்கூடாது. அந்த த்ரெட்டுக்கு வேலையை அனுப்பும் டிஸ்பாச்சர் வழியே கேட்டால் அடக்கமாய்ப் பதில் தருகிறது. பெட்டி, பொத்தான்களின் மரம் முழுதும் விரிந்தது. கரண்ட் இரண்டு தரம் போனது.

பெப்ரவரி 9
கிளையொன்றில் திரையில் தெரியாத பெட்டி: 'ஈரக் கழிவு'. நிலை கொலாப்ஸ்ட் (மடக்கி மறைத்தது), பெறுமதி 3. ஈரநெல்லுக்குச் சரி அடையாளம் போட்டால் பெட்டி தோன்றும். சரியை எடுத்தால் பெட்டி ஒளிகிறது, உள்ளே இருக்கும் 3 அழிவதில்லை. ஈரநெல்லுக்குப் பின்னால் வந்த காய்ந்த நெல்லெல்லாம் 3 வீதம் வெட்டுப்பட்டிருக்கிறது. கரண்ட் போனால் செயலி புதிதாய்த் தொடங்கும், கழிவு பூச்சியம். முதலாளி சொன்னது சரிதான்!

பெப்ரவரி 10
மில்லில் காட்டினேன். சரி எடுக்கும் முன் 0 அடிக்கச் சொல்லி, மொனிட்டரில் தாள் ஒட்டினேன். "உன்ர சாமானால அந்த மூண்டை மாத்தவும் ஏலுமோ?" என்றார். ஏலும். ஆனால் பில் அடிக்கும் செயலிக்குள் கைவைக்கும் வசதியை நேற்றிரவே கழற்றிவிட்டேன், பார்க்க மட்டும்தான். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அலுமாரிக்கு மேலிருந்து பழைய பில் கட்டுகளை இறக்கச் சொன்னார்.