தேம்ஸ் படகுக்கு மது உரிமம் வாங்கிய அனுபவம்

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில், டெடிங்டன் என்ற ஊருக்கு மேல்நீரோட்டப் பகுதியில், பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய படகு ஒன்றை நானும் என் மனைவியும் ஓட்டுநரோடு வாடகைக்கு விடுகிறோம். விருந்தினர் தாங்களே பாட்டில் கொண்டுவந்து குடித்தால் நமக்கு மது உரிமம் தேவையில்லை. 2022இல், ஏறியதும் ஆளுக்கொரு கோப்பை ஷாம்பெயின் கொடுத்து வரவேற்கலாம், அதற்கு வாடகையைச் சற்று கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். தனியாகக் காசு வாங்கவில்லையே, உபசாரம்தானே என்று நினைத்தேன். உரிமம் வழங்கும் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் அலுவலர் தொலைபேசியில் பொறுமையாகத் திருத்தினார்: வாடகைக்குள் அடங்கிய மதுவும் விற்பனைதான். உரிமமில்லாமல் விற்பது குற்றம். படகு வைத்திருக்கும் எல்லோரும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமம் இரண்டு. ஒன்று படகுக்கு, மற்றொன்று பொறுப்பேற்கும் ஆளுக்கு. என் மனைவி ஒரு நாள் பயிற்சியில் சேர்ந்து தேர்வு எழுதினாள். குற்றப் பின்னணிச் சான்று ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால் அதைக் கடைசியில்தான் வாங்கினோம். அவளுடைய உரிமத்துக்கு 37 பவுண்டு, படகுக்கு 100 பவுண்டு, பிறகு ஆண்டுதோறும் 70. ஆற்றில் எத்தனை கவுன்சில் எல்லைகளைக் கடந்தாலும், படகை வழக்கமாகக் கட்டும் துறை எங்கே இருக்கிறதோ அந்தக் கவுன்சிலில் விண்ணப்பித்தால் போதும்.

சறுக்கியது என் கையில்தான். விண்ணப்பத்தைத் தாளில் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் காவல்துறை, தீயணைப்புத் துறை முதலிய எல்லாருக்கும் அதே நாளில் நாமே பிரதி அனுப்ப வேண்டும். படகு என்பதால் நதிப் போக்குவரத்தைக் கவனிக்கும் சுற்றுச்சூழல் முகமையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை விட்டுவிட்டேன். எதிர்ப்பு இருந்தால் சொல்ல விடும் 28 நாள் அறிவிப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கியது. அறிவிப்பை வெளிர்நீலத் தாளில் புதிய தேதியோடு அச்சிட்டுப் படகின் சன்னலிலும் படகுத்துறை வாசலிலும் மறுபடி ஒட்டினோம். உள்ளூர்ச் செய்தித்தாள் விளம்பரத்துக்கும் இரண்டாம் முறை பணம் கட்டினோம். இணையவழியில் விண்ணப்பித்திருந்தால் பிரதிகளைக் கவுன்சிலே அனுப்பியிருக்கும்.

ஆனால் அந்தக் கூடுதல் நாள்கள் வீணாகவில்லை. மதுவை எப்படிக் கையாள்வோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதியை முதல் தடவை ஏனோதானோ என்று நிரப்பியிருந்தேன். இரண்டாம் தடவை இருவரும் இரவில் படகிலேயே உட்கார்ந்து யோசித்தோம். கரையிலுள்ள கடையில் குடித்துத் தள்ளாடுபவரை வெளியே அனுப்பிவிடலாம். நடு ஆற்றில் எங்கே அனுப்புவது? ஏறும்போதே தள்ளாடுபவரை ஏற்றுவதில்லை, படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகுகளுக்குள் நுழையுமுன் பரிமாறுவதை நிறுத்துவது, படகோட்டுபவர் ஊற்றிக்கொடுப்பதில்லை, மேல்தளத்தில் கண்ணாடிக் கோப்பை கிடையாது, இருபத்தைந்து வயதுக்குக் கீழ் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். கேட்பவருக்கு இலவசமாகக் குடிநீர் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. படகுத் தொட்டி நீரை நான் நம்பவில்லை. அதனால் வீட்டுக் குழாய் நீரைக் கேனில் நிரப்பி எடுத்துப் போவதை வழக்கமாக்கினோம்.

எதிர்ப்பு ஒன்றே ஒன்று வந்தது. துறைக்கு எதிர்வீட்டு மூதாட்டி, இரவில் இறங்குகிறவர்கள் போடும் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருந்தார். நேரில் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது நியாயம். கரை சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பே பாட்டை நிறுத்துவோம், இரவு பத்துக்குமேல் துறையில் ஆளிறக்கமாட்டோம் என்று நாங்களே நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னோம். அவர் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விசாரணைக் கூட்டமில்லாமலே உரிமம் கிடைத்தது.

உரிமத்தின் சுருக்கத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையிட்டு, ஏறும் படிக்கு நேரே மாட்டினோம். பக்கத்திலேயே தண்ணீர்க் கேன்.