சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு

ஊடகங்களைப் பகுத்தறிந்து வாசிப்பது குறித்துப் பதின்வயது மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், என் பாடம் முழுவதும் சந்தேகத்தைப் பற்றியதாகவே இருந்தது. தலைப்பை நம்பாதே, படத்தை நம்பாதே, எழுதியவரின் உள்நோக்கத்தைக் கேள் என்று வாரந்தோறும் சொல்லிவந்தேன். ஆண்டின் இறுதியில், ஒரு தேர்தலைப் பற்றிய இரண்டு செய்திகளைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டபோது, வகுப்பிலேயே கூர்மையான மாணவி ஒருத்தி இரண்டையும் புரட்டிக்கூடப் பார்க்காமல், "எல்லாருமே பொய்தான் சொல்கிறார்கள், இதில் எதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்றாள். நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

இது பழைய சிக்கல் என்பதைப் பின்னரே அறிந்தேன். 1937இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம், வசைப்பெயர் சூட்டுவது, மினுக்கும் பொதுச்சொற்களை அள்ளி வீசுவது, 'ஊரே இந்தப் பக்கம்தான்' என்று காட்டுவது என ஏழு பிரச்சார உத்திகளை வகைப்படுத்திப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. அது மாணவர்களை எதையும் நம்பாதவர்களாக ஆக்கிவிடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது; போர்க்காலத்தில், 1942இல், நிறுவனம் மூடப்பட்டது. அந்த ஏழு உத்திகள் மட்டும் இன்றும் பாடநூல்களில் உலவுகின்றன.

எதையும் நம்பாத குடிமக்களால் பொய் சொல்லும் ஆட்சியாளருக்கு இடைஞ்சல் ஏதுமில்லை. அவர் பொய்யை அவர்கள் நம்பவேண்டும் என்பதில்லை. அதை அம்பலப்படுத்தும் செய்தியையும் அவர்கள் நம்பாதிருந்தால் அவருக்குப் போதும்.

என் பாடத்தை மாற்றியது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. வரலாற்றறிஞர்கள் 10 பேர், உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம், பெயரளவில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்களை எடைபோடச் சொன்னார்கள். ஒன்று 1930இல் உருவான பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றது அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் 2002இல் பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே நம்பகமானதாகக் கருதினார்கள், வரலாற்றறிஞர்களில் பலர் தடுமாறினார்கள், சரிபார்ப்பாளர்கள் ஒருவர்கூடத் தவறவில்லை. அவர்கள் அந்தத் தளத்தை ஆழ்ந்து படிக்கவில்லை என்பதுதான் வியப்பு; உடனே அதைவிட்டு வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஊன்றிப் படி என்று ஆயுள் முழுவதும் சொல்லிவந்த ஆசிரியருக்கு இது கொஞ்சம் கசப்பான மருந்து.

இப்போது என் வகுப்பில் 'இது பொய்யா?' என்ற கேள்வியைவிட, 'இவர்கள் தவறு செய்தால் என்ன செய்கிறார்கள்?' என்ற கேள்விக்கே அதிக நேரம் செல்கிறது. திருத்தம் வெளியிடுகிறார்களா, அதைத் தவறு வந்த இடத்திலேயே குறிக்கிறார்களா, எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று மாணவர்கள் தேடிப் பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சுதந்திரமான ஊடகங்களே இல்லாத நாட்டில் இந்த முறை என்ன பயன் தரும் என்று ஒருவன் கேட்டான். குறைந்த பயனே தரும் என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவதாக இருக்கிறேன்.