புரோக்கன் ஸ்வோர்டு: மறுஆட்ட நாட்குறிப்பு

மார்ச் 8, 2025

மறுபடி ஆட எடுத்துக்கொண்ட புதிர்-சாகசக் கணினி கேம் ‘புரோக்கன் ஸ்வோர்டு: தி ஷேடோ ஆஃப் தி டெம்ப்ளர்ஸ்’. ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் உருவாக்கி 1996-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ‘சர்க்கிள் ஆஃப் பிளட்’ என்ற பெயரில் விற்றது. பிற்பாடு வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் பத்திரிகையாளர் நிக்கோவுக்கென்று தனிப் பகுதிகள் உண்டு, குறிப்புதவியும் உண்டு. ஆனால் முதல் பதிப்பின் கட்டுக்கோப்பு அதில் தளர்ந்துவிடுகிறது. அதனால் இந்தக் குறிப்புகள் எல்லாமே இரண்டு சிடியில் வந்த பழைய பதிப்பைப் பற்றியவை.

இன்றைய கணினியில் ஓட்ட, பழைய கேம்களை இயக்கும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: குரல் கோப்பு. இரண்டு சிடியிலும் அது ஒரே பெயரில், ஸ்பீச்.சிஎல்யூ என்று இருக்கும். அப்படியே நகலெடுத்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். பாதி ஆட்டத்தில் வசனம் ஊமையாகிப் போகும். முதல் சிடியில் உள்ளதை ஸ்பீச்1 என்றும் இரண்டாவதில் உள்ளதை ஸ்பீச்2 என்றும் பெயர் மாற்றிய பிறகே ஒரே ஃபோல்டரில் போட வேண்டும். மியூசிக் ஃபோல்டரையும் இரண்டு சிடியிலிருந்தும் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

திரை விகிதத்தைத் திருத்தும் வசதியைத் தொட வேண்டாம். அது 320×200-ல் வரைந்த பழைய கேம்களுக்கானது. இது 640×480, சரியான 4:3. இசையையும் அணைக்கக் கூடாது. பேரிங்டன் ஃபெலுங் இதற்குத் தொடர்ச்சியான பின்னணி இசை எழுதவில்லை. சின்னச் சின்னத் துணுக்குகளாக எழுதியிருக்கிறார். சரியான பொருளைச் சரியான இடத்தில் வைத்ததும் பல நேரம் ஒரு துணுக்கு எழும்பும். காதைத் தீட்டி வைத்திருப்பவருக்கு அதுவே பாதி வழிகாட்டி.

மார்ச் 9

பாரிஸ். கோமாளி வேடத்தில் வந்தவன் குண்டு வைத்து கஃபே சிதறியிருக்கிறது. நாம் இயக்கும் நாயகன் ஜார்ஜ் ஸ்டாபார்ட் தெருவில் நிற்கிறான். இடது கிளிக் செய்ய, வலது கிளிக் பார்க்க. பொருட்கள் திரையின் மேல்பக்கம் வரிசையாக வரும். பேச்சின்போது பேசும் விஷயங்கள் கீழே படங்களாக வரும். கையிலிருக்கும் பொருளையே பேச்சுப் பொருளாகவும் காட்டலாம் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே பழகிவிட வேண்டும். பூட்டிய கதவுகளை விட வாய் திறக்காத மனிதர்களே இந்தக் கேமில் அதிகம்.

கீழே கிடக்கும் செய்தித்தாளை எடுத்து, சாலை தோண்டும் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும். மனிதர் குதிரைப் பந்தயப் பிரியர், பக்கத்தில் மூழ்கிவிடுவார். அந்த நேரத்தில் அவர் கருவிப்பெட்டியிலிருந்து சாக்கடை மூடி தூக்கும் இரும்பை எடுத்துக்கொள்ளலாம். சந்தில் உள்ள மூடியைத் திறந்து இறங்கினால் கோமாளியின் சிவப்பு மூக்கு, கிழிந்த துணி, ஈரத்தாள் மூன்றும் கிடைக்கும். மூக்கு நம்மை வேடப்பொருள் கடைக்குக் கொண்டுபோகும்.

அந்தக் கடையில் கிடைக்கும் கைக்குலுக்கல் பஸ்ஸரை, உள்ளங்கையில் மறைத்து வைத்துக் கைகொடுத்தால் ஷாக் அடிக்கிற விளையாட்டுச் சாமானை, வேடிக்கைக்குக் கொடுத்ததாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. மூடி தூக்கும் இரும்பும் அப்படித்தான். இந்தக் கேமில் ஒரு பொருள் ஒரு பூட்டோடு முடிந்துபோவதில்லை. நாடு விட்டு நாடு கூடவே வரும். அன்றைய மற்ற பல கேம்களை விட இது ஏன் உயர்ந்து நிற்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

மார்ச் 11

ஹோட்டல் உபு. வாசலில் குய்டோ, ஃப்ளாப் என்ற இரண்டு அடியாட்கள் காவல். உள்ளே போக விடுவார்கள், வெளியே வரும்போது சோதிப்பார்கள். வரிசை இது: பக்கத்து அறைச் சாவியைக் கைப்பற்றி மாடிக்குப் போக வேண்டும். ஜன்னல் வழியாக வெளி விளிம்பில் நடந்து, கோமாளி வேடத்தில் வந்த கொலையாளி கானின் அறைக்குள் நுழைய வேண்டும். ஆள் வரும் சத்தம் கேட்டால் அலமாரிக்குள் ஒளிய வேண்டும். கானின் கால்சட்டையில் தீப்பெட்டியும் மோர்லின் என்ற பெயரில் அடையாள அட்டையும் இருக்கும். அட்டையை மட்டும் நீட்டினால் வரவேற்பாளன் நம்ப மாட்டான். ஹோட்டலில் இருக்கும் பியர்மாண்ட் சீமாட்டி சிபாரிசு செய்தால்தான் பெட்டகத்தில் உள்ள சுவடி கைக்கு வரும்.

சுவடியோடு வாசலுக்குப் போனால் அது பறிபோகும். மறுபடி மாடிக்குப் போய், அதை ஜன்னல் வழியே சந்தில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு சோதனைக்கு நின்று, வெளியே வந்ததும் சந்தில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அருமையான அமைப்பு. நமக்குத் தேவையான எல்லாத் தகவலும் கண்முன்னே இருக்கிறது: வாசலில் சோதனை, மேலே ஜன்னல், கீழே சந்து. யோசிப்பது ஒன்றுதான் பாக்கி.

தீப்பெட்டியை வலது கிளிக் செய்து பார்க்கவும். அதில் உள்ள அலமூத் என்ற பெயர் பின்னால் உதவும்.

மார்ச் 14

அயர்லாந்து, லாக்மார்ன். ஆட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேமைப் பற்றி எழுத முடியாது.

வைக்கோல்போர் மேல் ஏறி, பாரிஸிலிருந்து வந்த அதே இரும்பைக் கோட்டைச் சுவரின் இடுக்கில் செருகி, அதைப் பிடித்து மேலே ஏற வேண்டும். உள்ளே கயிற்றில் கட்டிய ஆடு. அகழ்வுக் குழிக்குப் போகும் ஏணியை நோக்கி நடந்தால் முட்டித் தள்ளும். எத்தனை முறை போனாலும் முட்டும். கையிலிருக்கும் எந்தப் பொருளும் பயன்படாது.

செய்ய வேண்டியது: ஒருமுறை முட்டு வாங்க வேண்டும். ஆடு திரும்பிப் பின்வாங்கும்போதே, ஜார்ஜ் எழுந்து நிதானிக்கக் காத்திராமல், ஓரத்தில் கிடக்கும் பழைய கலப்பை மேல் கிளிக் செய்ய வேண்டும். ஜார்ஜ் அங்கே ஓடுவான், ஆடு துரத்தும், கயிறு கலப்பையில் சிக்கிக்கொள்ளும். ஆடு முழுதாகத் தயாராகிவிட்ட பிறகு கிளிக் செய்தால் மறுபடி முட்டுதான். கர்சரை முன்கூட்டியே கலப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எளிது.

ஆயிரக்கணக்கானோர் இங்கே மாட்டியதற்குக் காரணம் புதிர் கடினம் என்பதல்ல. இதுவரை கேம் நமக்குப் பழக்கிய ஒழுங்கு வேறு: எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசி, உலகம் காத்திருக்கும். ஆடு அந்த ஒழுங்கை முன்னறிவிப்பில்லாமல் மீறுகிறது. கடிகாரம் ஓடுகிறது என்று சொல்லாமலே ஓட்டுகிறது. அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் வருவது அதற்கு நேர்மாறு, இந்தக் கேமின் மிக நேர்த்தியான புதிர். மணலில் பதிந்திருக்கும் சிலையை எடுத்தால் அடியில் குழித்தடங்கள் தெரியும். எதிர்ச் சுவரிலும் துளைகள். மூட்டையிலிருந்து பிளாஸ்டர் பொடியைத் தடத்தில் கொட்ட வேண்டும். பொடி இறுகத் தண்ணீர் வேண்டும். மதுக்கடையில் எடுத்த துண்டை நனைத்துக் கொண்டுவந்து அதன்மேல் பிழிய வேண்டும். இறுகியதும் அச்சை எடுத்துச் சுவர்த் துளையில் பொருத்தினால் கதவு திறக்கும். நனைத்த துண்டோடு ஊர் சுற்ற வேண்டாம், காய்ந்துவிடும். கிளம்பும்போது பிளாஸ்டர் மறக்காமல் கையில் இருக்க வேண்டும்.

மார்ச் 18

1314-ல் இதே தேதியில்தான், கேமின் கதைக்கு மையமான டெம்ப்ளர் என்ற இடைக்காலக் கிறிஸ்தவ வீரமடத்தின் கடைசித் தலைவர் ஜாக் டி மோலேயைப் பாரிஸில் எரித்தார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கதை எங்கே வரலாற்றைப் பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று எழுதி வைக்கிறேன்.

பிரான்ஸ் முழுக்க டெம்ப்ளர்களை அரசர் நான்காம் பிலிப் ஒரே விடியலில் கைது செய்தது 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. 1310 மே மாதம் பாரிஸ் மதிலுக்கு வெளியே 54 பேரை எரித்தார்கள். 1312-ல் போப் ஐந்தாம் கிளமென்ட் அமைப்பையே கலைத்தார். டி மோலே இறந்த அதே ஆண்டில் போப்பும் அரசரும் அடுத்தடுத்து இறந்ததால் சாபக்கதை பிறந்தது. டெம்ப்ளர்கள் வணங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிலையான பாஃபோமெட்டின் பெயர் விசாரணை ஆவணங்களில் உண்மையிலேயே இருக்கிறது. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்கள் அவை.

கேம் மான்ஃபோக்கானுக்கு நம்மை அழைத்துப் போகிறது. பாரிஸின் பழைய தூக்குமேடை இருந்த இடத்தின் பெயர் அது. டி மோலே எரிக்கப்பட்டதோ சேன் நதித் தீவு ஒன்றில். 1314 ஜூனில் ஸ்காட்லாந்தின் பேனக்பர்னில் நடந்த போரில், பிரான்ஸிலிருந்து தப்பி வந்த டெம்ப்ளர்கள் ஸ்காட்லாந்துக்காகப் போரிட்டார்கள் என்பதும் பிற்காலக் கதை. அக்காலச் சான்று இல்லை. ஆனாலும் கேமின் முடிவு அந்த ஊரில் நடப்பது அந்தப் பிற்காலக் கதையை வைத்துத்தான்.

மார்ச் 20

மாரிப். கேம் இதைச் சிரியாவில் வைக்கிறது. உண்மையான மாரிப் யேமனில், பழைய சபா அரசின் தலைநகர். தீப்பெட்டியில் இருந்த அலமூத் இங்குள்ள கிளப்பின் பெயர். வரலாற்றில் அது பாரசீக மலையில் இருந்த, ரகசியக் கொலைகளுக்குப் பேர்போன அசாசின்கள் என்ற இஸ்லாமியப் பிரிவினரின் கோட்டை, 1256-ல் மங்கோலியர் கைக்குப் போனது. சிரியாவில் இருந்த அசாசின் கிளை டெம்ப்ளர்களுக்கு ஆண்டுக் கப்பம் கட்டியது வரலாறு. 1173-ல் அவர்களுடைய தூதரை ஒரு டெம்ப்ளரே கொன்றார். கான் ஏன் இந்தக் கதையில் இருக்கிறான் என்பது அப்போதுதான் முழுதாகப் புரியும்.

புல்ஸ் ஹெட் குன்றுக்குப் போகும் முன் சேவ் செய்யவும். இங்கே ஜார்ஜ் சாகலாம். கான் துப்பாக்கியோடு வந்ததும் சும்மா நிற்கக் கூடாது. கிடைக்கும் விஷயங்களைப் பேசிவிட்டு பஸ்ஸரைப் பயன்படுத்த வேண்டும். கைகுலுக்கல், ஷாக், ஓட்டம். பாரிஸில் அதை வாங்காமல் விட்டவருக்கு இங்கே வேறு வழி கிடையாது.

மார்ச் 23

மீண்டும் பாரிஸ், பாஃபோமெட் அகழ்வு. காவலாளியின் சாவியை எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எனவே பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். கழிவறைச் சோப்பில் சாவியை அழுத்தி அச்சு எடுத்து, லாக்மார்னிலிருந்து வந்த பிளாஸ்டரை அதில் கொட்டித் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெள்ளையாக இருப்பது காட்டிக்கொடுக்கும். வண்ணம் பூசிய பிறகே மாற்றி வைக்க வேண்டும். அயர்லாந்தில் கற்ற அதே வேலை, அங்கே அச்சு தயாராகக் கிடந்தது, இங்கே அச்சையும் நாமே செய்கிறோம்.

இதற்குப் பின் ரயில், ஸ்காட்லாந்து. புதிர்கள் குறைவு, ஓட்டம் அதிகம், உயிர் போகும் இடங்களும் உண்டு. எஃப்5 அழுத்தி ஒவ்வொரு திரை மாறியதும் புதுப் பெயரில் சேவ் செய்யவும். பழைய சேவ் மேல் எழுத வேண்டாம்.